விளம்பரத் தடுப்பு நின்னுபோச்சா? காசு கட்டாதீங்க

கேள்வி: தம்பி, நான் காரைக்குடில பலகார ஆர்டர் எடுக்கிறேன், மாவுருண்டை, கைமுறுக்கு, சீப்புச்சீடை எல்லாம். ஆர்டர் பாக்கிற லேப்டாப்புல குரோம்ல விளம்பரம் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் போட்டிருந்தோம், இப்ப ஆதரவு இல்லைன்னு நின்னுபோச்சு. லேப்டாப் பழசாயிருச்சு புதுசு வாங்குங்கங்கிறார் கடைக்காரர், வருஷ சந்தா கட்டச் சொல்லி ஒரு விளம்பரம் வேற வருது. எதுக்குக் காசு போடலாம்?

பதில்: ரெண்டுக்கும் வேணாம் ஆச்சி. லேப்டாப்புல கோளாறே இல்லை, மாறினது கூகுளோட விதி. மேனிஃபெஸ்ட் வி3ன்னு பேரு, பழைய விதில எழுதின எக்ஸ்டென்ஷன்களை, அதாவது யூபிளாக் மாதிரி பிரவுசர்ல கூடுதலாப் போடுற குட்டி நிரல்களை, 2024 ஜூன்லேர்ந்து நிறுத்த ஆரம்பிச்சு 2025ல முழுசா முடிச்சுட்டாங்க. முன்னாடி பக்கத்துல எது வந்தாலும் எக்ஸ்டென்ஷனே பாத்து அங்கேயே தடுத்துரும், இப்ப எதெதைத் தடுக்கணும்னு ஒரு பட்டியலை முன்கூட்டியே பிரவுசர்கிட்ட கொடுத்துறணும், அந்தப் பட்டியலுக்கும் அளவு உண்டு.

பாதுகாப்புக்காகத்தான்னு கூகுள் சொல்லுது. எக்ஸ்டென்ஷன் நம்மளுக்கே தீங்கு செஞ்சுரும்ங்கிற பயம் நிஜம்தான், தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷனை லட்சக்கணக்கான பேர் வச்சிருந்தது, 2020ல கை மாறிச்சு, 2021 பிப்ரவரில தீங்கான நிரல்னு கூகுளே தூக்கிட்டாங்க. ஆனா பக்கத்தைப் படிக்க நாம அனுமதி கொடுத்தா புது விதிலயும் எக்ஸ்டென்ஷன் படிக்கத்தான் செய்யும், அதனால விளம்பரத்துல சம்பாதிக்கிற கம்பெனியே தடுப்புக்கும் அளவு வைக்கிறது எனக்குச் சரியாப் படலை.

இதுல நெசமா அடி வாங்குறது எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்க. யூபிளாக் ஆரிஜினை எழுதின ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குறதில்லை, அவர் குரோமுக்காக லைட்னு தனியா ஒண்ணு எழுத வேண்டியதாப்போச்சு. எக்ஸ்டென்ஷன் வெளியிடுற குரோம் கடைல எழுதுறவங்க பதிவுக்கு ஒரே தடவை 5 டாலர், ஆனா ஆப்பிள்ல வருஷா வருஷம் 99 டாலர், சும்மா ஊருக்கு உதவியா எழுதுற பையனுக்கு அது பெரிய காசு. குரோம் கடை வழியா காசு வசூல் பண்ற வசதியையும் 2021ல மூடிட்டாங்க, அலுத்துப்போயி எவன்கிட்டயாவது வித்துட்டா மாட்டிக்கிறது நாமதான்.

நீங்க ஃபயர்பாக்ஸ்ங்கிற வேற பிரவுசரை இறக்குங்க ஆச்சி, இலவசம், அதுல பழைய யூபிளாக் ஆரிஜின் முழுசா ஓடுது, புக்மார்க் எல்லாம் குரோம்லேர்ந்து அப்படியே எடுத்துக்கும். குரோம்தான் வேணும்னா யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்க, அன்றாடத்துக்குப் போதும். ஆண்ட்ராய்டு போன் குரோம்ல எக்ஸ்டென்ஷனே கிடையாது, அங்கயும் ஃபயர்பாக்ஸ்தான். யூபிளாக் ஆரிஜின் பேரைச் சொல்லி யாராவது சந்தா கேட்டா அது அவங்க இல்லை, கார்டு நம்பரைக் கொடுத்துறாதீங்க.