கோமாளி நடிகர் ஜோசப் கிரிமால்டி ஏன் அவ்வளவு சீக்கிரம் மேடையை விட்டார்?

உடம்பு ஒத்துழைக்கவில்லை, அதுதான் காரணம். 1778இல் லண்டனில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே அப்பா மேடையேற்றிவிட்டார். 1806 டிசம்பரில் கோவன்ட் கார்டன் அரங்கில் ‘மதர் கூஸ்’ என்ற பாண்டமைம் (பாட்டும் கோமாளிக் கூத்தும் கலந்த மேடை நாடகம்) வந்ததும் ஊரே அவரைக் கொண்டாடியது. வெள்ளை பூசிய முகம், கன்னத்தில் சிவப்பு முக்கோணம். இன்றைய சர்க்கஸ் கோமாளி வேஷத்துக்கு வழி போட்டவர் அவர்தான் என்பேன்.

ஆனால் குட்டிக்கரணம் அடிப்பது, குதிப்பது, அடிவாங்கி விழுவது என்று எத்தனை வருஷம்! சில காலம் ஒரே இரவில் இரண்டு அரங்குகளில் வேறு நடித்தார். மூட்டெல்லாம் தேய்ந்து, 1823இலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. அப்புறம் 1828இல் விடைபெறும் நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடி ஒரு காட்சியில் நடித்தார். 1837இல் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகளைச் செப்பனிட்டு 1838இல் வெளிவரச் செய்தவர், அப்போது இளைஞராக இருந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்.