சபாவுக்கு உயில்: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். நடுவில் ஒரு சின்ன சபாவுக்குப் பொருளாளராகவும் மாட்டிக்கொண்டேன். கலை அமைப்புகளுக்கு உயில் வழியாகக் கொடுப்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பங்காளிச் சண்டைக்கு வேறு ஆள் பாருங்கள்.

சார், வைப்பு நிதியில் பாதி சபாவுக்கு. "எங்கள் ஊர் இசைச் சபா" என்று எழுதினால் போதுமா?

போதாது. பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவுச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். நாளைக்குக் கமிட்டி இரண்டாக உடைந்தால் இரண்டு பேரும் உங்கள் பணத்துக்கு வந்து நிற்பார்கள். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்ததா, அறக்கட்டளையா என்று பார்த்து, பதிவுப் பெயரையும் எண்ணையும் அப்படியே எழுதுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். கமிட்டிக்காரர் யாரும் சாட்சி போட வேண்டாம். வழக்கு வந்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமா?

இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

செயலாளரையே பேங்கில் நாமினியாகப் போட்டுவிட்டேன். பிறகு உயில் எதற்கு ஐயா?

நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், சொந்தக்காரர் அல்ல. காப்பீட்டுப் பணத்துக்கு 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது; பேங்கிலும் இதே கதைதான். உங்கள் பிள்ளைகள் கேட்டால் அந்த மனிதர் கொடுத்தாக வேண்டும். உயில் எழுதுங்கள், பதிவுப் பெயரோடு.

கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால் 12 மாதம் உயிரோடு இருக்க வேண்டுமாமே?

அந்தப் பிரிவை 2003-லேயே உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. இஸ்லாமியர்கள்தான் கவனிக்க வேண்டும்: வாரிசுகள் ஒப்பாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். இங்குள்ள என் சேமிப்பை மதுரையில் ஒரு நாடகக் குழுவுக்கு எழுதலாமா?

அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் வரும். குழுவுக்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்கில் தனிக் கணக்கும் வேண்டும். சின்னக் குழுக்களில் பலவற்றுக்கு அது இருக்காது. முதலில் கேளுங்கள்.

அம்மா பெயரில் 2 லட்சம். அசலைத் தொடாமல் வட்டியில் வருஷாவருஷம் இளம் பாடகி ஒருவருக்குத் தங்க மெடல், நிரந்தரமாக. வாசகம் சொல்லுங்கள்.

வாசகத்துக்கு முன் ஒரு கணக்கு. 90-களின் நடுவில் ஒருவர் எங்களிடம் 10,000 ரூபாய் வைத்தார். அப்போது வட்டி 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். பாடகிக்குக் கவர், பொன்னாடை, பக்கவாத்தியத்துக்கும் ஏதோ கொடுத்தோம். இன்று ஆறரை சதவீதம் என்றால் 650. பொன்னாடையும் ஆட்டோவும் எடுத்தால் பாடகிக்குக் காபிதான். நிபந்தனையை மாற்ற நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் பீஸ் அசலைத் தாண்டும். "இளம் பாடகர்களின் வளர்ச்சிக்கு" என்று எழுதிவிட்டு மெடலை விருப்பமாக மட்டும் சொல்லுங்கள்.

அதெப்படி? கையைக் கட்டாமல் விட்டால் கமிட்டிக்காரர்கள் ஏசி வாங்குவார்கள்.

வாங்கட்டுமே. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழ் தம்புரா சுருதி சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா?

சமாளிக்காதீர்கள். நீங்களும் பொருளாளர்தானே!

ஆமாம், அதனால்தான் சொல்கிறேன். கமிட்டியை நம்பவில்லையா, அந்தச் சபாவுக்கே கொடுக்காதீர்கள். நம்பாத ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பூட்டுப் போடுவது என்ன புத்தி? பயமாக இருந்தால் பத்து வருஷத்துக்குள் செலவழிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே கணக்குக் கேட்கலாம்.

வரிவிலக்கு?

உயிலில் கொடுத்தால் உங்களுக்கு இல்லை. இருக்கும்போதே கொடுங்கள்: பழைய வரிமுறையில், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் அனுமதி (80ஜி என்பார்கள்) வாங்கிய அமைப்புக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இல்லாமல்.

உயில் பதிவு கட்டாயமா சார்?

மேலே படியுங்கள் தம்பி.

பாட்டியின் வீணையைச் சபாவுக்கு எழுதலாமா?

எழுதும் முன், அதை அங்கே யார் வாசிப்பார்கள் என்று கேளுங்கள் அம்மா. விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் உட்கார்ந்திருக்கும் மெழுகு காலத்தில் கெட்டுப்போகும், தந்தி மாற்ற வேண்டும், அதற்கெல்லாம் ஆள் வேண்டும். எங்கள் அறையில் மூன்று வீணை உறைபோட்டு நின்றது. ஒன்றில் எலி குடித்தனம் வைத்திருந்தது. எழுதினால் பழுதுபார்க்க ஒரு தொகையும் சேர்த்து எழுதுங்கள். தெருவில் வீணை கற்கும் பெண் யாராவது இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், உயிலே வேண்டாம்.