டைம்ஷிஃப்ட் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறேன். அதிலுள்ள டைம்ஷிஃப்ட் செயலி தினமும் ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கிறது. விரைவில் எஸ்எஸ்டியை மாற்றப்போகிறேன். ஸ்னாப்ஷாட் மட்டும் போதுமா? டெர்மினலில் கட்டளை டைப் செய்வது எனக்கு ஒத்துவராது.

பதில்: போதாது. டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது சிஸ்டத்தை, உங்கள் போட்டோக்களை அல்ல. அதன் செட்டிங்ஸில் 'யூசர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் விலக்கப்பட்டே இருக்கும். அதையும் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ஒரு அப்டேட் சொதப்பி, போன வார ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், இடையில் நீங்கள் திருத்திய ஃபைல்களும் போன வாரத்துக்கே போய்விடும். ஸ்னாப்ஷாட் அதே எஸ்எஸ்டியில் இருந்தால், டிஸ்க் போகும்போது அதுவும் கூடவே போகும்.

ஃபைல்களுக்கு டேஜா டூப் என்ற பேக்கப் செயலி போதும். சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். ஹோம் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அது தானாகவே விட்டுவிடும், தேவையென்றால் சேருங்கள். பாஸ்வேர்டு வைத்தால் எழுதி வையுங்கள். மறந்தால் பேக்கப் இருந்தும் இல்லாத கதைதான். முடிந்ததும் ஒரே ஒரு போட்டோவை வேறு ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்து, திறக்கிறதா என்று பாருங்கள்.

முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்க ரெஸ்க்யூசில்லா என்ற செயலி. பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், எல்லாம் மவுஸிலேயே நடக்கும். மின்டில் உள்ள 'டிஸ்க்ஸ்' செயலியும் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியை) இமேஜாக, அதாவது முழு நகலாக, எடுக்கும்தான். ஆனால் காலி இடத்தையும் சேர்த்து அள்ளும், 200 ஜிபி பார்ட்டிஷனுக்கு 200 ஜிபி இமேஜ். ரெஸ்க்யூசில்லா பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் சுருக்கி எடுக்கும். இமேஜ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 'வெரிஃபை' வசதியும் உண்டு. அதைச் செய்யாமல் விடாதீர்கள்.

வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பயன்படுத்தும் ஃபார்மட்) என்றால் டேஜா டூப், ரெஸ்க்யூசில்லா இரண்டுக்கும் பிரச்சினை இல்லை, டைம்ஷிஃப்ட்தான் ஏற்காது. அதற்கு எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் பார்ட்டிஷன் வேண்டும்.

புது எஸ்எஸ்டி வாங்கும்போது அளவைப் பாருங்கள். 512 ஜிபி டிஸ்க்கின் இமேஜ் 500 ஜிபி டிஸ்க்கில் இறங்காது, உள்ளே பாதி காலியாக இருந்தாலும். அப்புறம், ரீஸ்டோர் ஆனபின் பழையதையும் புதியதையும் ஒன்றாக மாட்டி பூட் செய்யாதீர்கள். இரண்டிலும் பார்ட்டிஷன் அடையாள எண் ஒன்றே என்பதால், சிஸ்டம் எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாமல் போகலாம். பழையதைக் கழற்றி ஓரமாக வையுங்கள், உடனே ஃபார்மட் செய்யவேண்டாம்.