கேசினோவில் அந்தர் பாஹர் எப்படி ஆடுவது? எந்தப் பக்கம் கட்டுவது?

கேட்டவர் நண்பர்களோடு கோவா போகிறாராம். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஒரு ராத்திரி இருக்கப் போகிறார்கள். அங்கே அந்தர் பாஹர் மேசை உண்டாமே, அதை எப்படி ஆடுவது, எந்தப் பக்கம் கட்டினால் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்தியில் அந்தர் என்றால் உள்ளே, பாஹர் என்றால் வெளியே. நம் ஊர் மங்காத்தாதான் அது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில், புளியமரத்தடியில் சாக்கை விரித்துப்போட்டு ஆடுவார்கள். மாசி சிவராத்திரிக்குச் சாமி கும்பிட ஊருக்கு வருகிறவர்கள் இருக்கும்வரை ஆட்டம் விடிய விடிய நடக்கும். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் ஆட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, அதற்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

52 சீட்டையும் கலைத்து, ஒரு சீட்டை எடுத்து நடுவில் திருப்பிப் போடுவார்கள். கேசினோவில் அதற்கு ஜோக்கர் என்று பெயர். அது எட்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி 51 சீட்டில் எட்டு இன்னும் மூன்று இருக்கிறது. அடுத்து எட்டு வரப்போவது உள்ளேயா வெளியேயா என்று நீங்கள் காசைக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிச் சீட்டு விழும். எந்தப் பக்கம் முதலில் எட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. ஆட்டினா டைமனா என்பதெல்லாம் கணக்கில்லை, எண் ஒன்றானால் போதும். சராசரியாகப் பதின்மூன்றாவது சீட்டில் ஆட்டம் முடிந்துவிடும். அவ்வளவுதான் விதி. யோசித்து ஆட இதில் ஒன்றுமே கிடையாது. நீங்கள் முடிவு செய்வதெல்லாம் எந்தப் பக்கம், எவ்வளவு காசு என்பது மட்டும்.

பார்த்தால் பாதிக்குப் பாதி போலத்தான் தெரியும். ஆனால் முதல் சீட்டு விழுகிற பக்கத்துக்கு ஒரு சின்ன முந்துதல் உண்டு. முதல் சீட்டே எட்டாக இருக்க 17க்கு ஒன்று வாய்ப்பு. அப்படி விழுந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, இரண்டாவது பக்கத்துக்கு ஒரு சீட்டுகூடக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதைதான். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், பாடத்தில் வரும் சேர்வுகளை வைத்து இதைப் போட்டுக் காட்டினாள். 51 இடங்களில் மூன்று எட்டும் உட்கார 20,825 வழிகள் இருக்கின்றன. அதில் 10,725 வழிகளில் முதல் பக்கம் ஜெயிக்கிறது. நூற்றுக்கு 51.5. இரண்டாவது பக்கத்துக்கு 48.5.

சில மேசைகளில் எப்போதும் உள்ளே பக்கம்தான் முதல் சீட்டு விழும். வேறு சில இடங்களில் நடுச்சீட்டு கறுப்பா சிவப்பா என்று பார்த்து முதல் பக்கத்தை முடிவு செய்வார்கள். அதனால் உட்காருவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் முதல் பக்கமே கட்டினால் ஜெயித்துவிடலாமே? அது மேசைக்காரருக்கும் தெரியும். அதனால் முதல் பக்கம் ஜெயித்தால் நூறு ரூபாய்க்கு 90தான் தருவார்கள். இரண்டாவது பக்கம் ஜெயித்தால் முழு நூறு. இப்போது ஆயிரம் ஆட்டம், ஆட்டத்துக்கு நூறு ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். முதல் பக்கம் கட்டியவர் 515 முறை ஜெயித்து 46,350 ரூபாய் வாங்குகிறார், 485 முறை தோற்று 48,500 ரூபாய் கொடுக்கிறார். நட்டம் 2,150. இரண்டாவது பக்கம் கட்டியவர் 48,500 வாங்கி 51,500 கொடுக்கிறார். நட்டம் 3,000. ஆக எந்தப் பக்கம் என்று கேட்டால், 90 தருகிற மேசையில் முதல் பக்கம்தான் குறைந்த நட்டம். லாபம் தருகிற பக்கம் என்று ஒன்று அந்த மேசையில் இல்லை. இது சராசரிக் கணக்கு. ஒரு ராத்திரியில் நீங்கள் ஜெயித்தும் வரலாம், மொத்தமாகத் தோற்றும் வரலாம்.

இரட்டித்துக் கட்டினால் போட்டதை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். என் சித்தப்பா அப்படித்தான் கட்டுவார். பத்து ரூபாயில் தொடங்குவார். தோற்றால் இருபது, அப்புறம் நாற்பது, எண்பது. "என்னைக்காச்சும் ஒரு தடவ விழுந்துதேன்டா ஆகணும், போட்டதெல்லாம் வந்துரும்" என்பார். விழத்தான் செய்தது. ஆனால் ஆட்டம் நடத்துகிறவர் யார் ஜெயித்தாலும் பத்துக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொள்வார். நான்கு கை தோற்றால் போனது 150 ரூபாய். ஐந்தாவது கைக்கு 160 கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 144. ஜெயித்த பிறகும் ஆறு ரூபாய் குறைகிறது. இன்னும் ஒரு கை தள்ளி ஆறாவதில் ஜெயித்தால் 22 ரூபாய் குறையும். சித்தப்பா ஜெயித்த கையை எல்லோரிடமும் சொல்வார், அந்த ஆறு ரூபாயை எண்ணிப் பார்த்ததே இல்லை. சித்தியின் தோடு அடகுக்கு வைத்தபடியே மூழ்கிப்போனது. தனக்கு நேரம் சரியில்லை என்றுதான் கடைசிவரை நம்பினார்.

கேசினோவில் 90 தருகிற முதல் பக்கத்திலும் இதே கணக்குதான். முழு நூறு தருகிற இரண்டாவது பக்கத்தில் இரட்டித்தால் போட்டது திரும்பும், ஆனால் நூறு ரூபாயில் தொடங்கி ஏழு கை தொடர்ந்து தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவது கைக்கு 12,800 வேண்டும். அவ்வளவு கட்ட அந்த மேசை விடாமலும் போகலாம், ஒவ்வொரு மேசையிலும் உச்ச வரம்பு எழுதியிருக்கும்.

பக்கப் பந்தயம் என்று ஒன்றும் இருக்கும். எத்தனையாவது சீட்டில் ஆட்டம் முடியும் என்று கட்டுவது. முதல் ஐந்து சீட்டுக்குள் முடிய நூற்றுக்கு 27 வாய்ப்பு. 41வது சீட்டிலோ அதற்கும் பிறகோ முடிய 126க்கு ஒன்றுதான். அதற்கு நூறு மடங்கு தருகிறோம் என்று எழுதியிருந்தால் கண் அங்கேயே போகும். ஆனால் 125 மடங்கு தந்தால்தான் அது சமமான பந்தயம். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மேசைக்குப் போகிற காசு. நானாக இருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இன்னொன்று. கோவாவில் உரிமம் வாங்கிய கேசினோவில் ஆடச் சட்டம் இடம் தருகிறது. இங்கே 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் போட்டது. 2025இல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்து செல்போனில் தேடி ஆட வேண்டாம்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். போன இருபது ஆட்டத்தில் எது ஜெயித்தது என்று வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்துக் கட்டாதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டைப் புதிதாகக் கலைக்கிறார்கள், போன ஆட்டம் எதுவும் சீட்டுக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் அந்தப் பலகை காகிதத்தில் இருந்தது. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ரப்பர் பேண்ட் போட்ட தினத்தாள் காலண்டர் கத்தை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் உ, வெ, வெ, உ என்று நெருக்கி எழுதியிருந்தார். "வெளிய அஞ்சு தடவ விழுந்துருச்சு, இனி உள்ளதேன்" என்று அவர் சொன்னதெல்லாம் இதை வைத்துத்தான்.

போன மாதம் மின்சாரம் போன ஒரு ராத்திரி நானும் மகளும் புளியங்கொட்டையைக் காசாக வைத்து மங்காத்தா ஆடினோம். அவள் சீட்டைப் போட, நான் தாளில் குறித்தேன். அப்போது சித்தப்பாவின் கத்தையை எடுத்துக் கொடுத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சின்னத் தாத்தா எல்லாத்தையும் எழுதிருக்காருப்பா. முதச் சீட்டு எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு மட்டும் ஏன் எழுதல?"