கேள்வி: வகுப்பில் மாணவர்கள் வாயே திறப்பதில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் என்ன செய்யலாம்?

முதலில் "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்குத் தலையாட்டுவதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை. தனக்கு எது புரியவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய கேள்வியைக் கொடுங்கள். நான் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பேச்சு வந்தது இதனால்தான்.

ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. கனமான லாரியும் சின்னக் காரும் மோதுகின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியை அடிபிறழாமல் சொல்பவர்களும், கணக்கைச் சரியாகப் போடுபவர்களும்கூட "லாரி" என்கிறார்கள். இரண்டு விசைகளும் சமம். விதி மனப்பாடமாகிவிட்டது, ஆனால் மனதுக்குள் பழைய எண்ணம் அப்படியே இருக்கிறது. விரிவுரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை அசைப்பதில்லை.

செய்முறை எளிது. முதலில் யாரோடும் பேசாமல் யோசித்து வாக்களிக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், விடையின் எண்ணை மார்போடு சேர்த்து விரலால் காட்டினால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு விடை சொன்ன ஒருவரோடு பேசச் சொல்லி மறுபடி வாக்கெடுங்கள். அதைவிடக் குறைந்தால் நீங்களே திரும்ப விளக்குங்கள், கூடினால் அடுத்ததற்குப் போங்கள்.

உண்மையான உழைப்பு கேள்வியைத் தயாரிப்பதில்தான். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்தால் அவை பல்லிளித்துவிடும், யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். பழைய விடைத்தாள்களை எடுத்துப் பாருங்கள். மாணவர்கள் மனதார நம்பி எழுதிய தவறுகள் அங்கே கிடக்கும். அவற்றையே தேர்வுகளாக வையுங்கள். அப்போதுதான் வகுப்பு இரண்டு பட்டு, நிஜமான வாக்குவாதம் நடக்கும். ஒரு நல்ல கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதே போகும், போனால் போகட்டும்.

கேட்டபின் காத்திருங்கள். பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்றும் கண்டார். பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

மாணவர்களே முணுமுணுப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். 2019இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், இப்படி ஈடுபட்டுப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கினாலும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளை சிரமப்படுவதைப் புரியாமைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பருவத் தொடக்கத்திலேயே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இப்படி நடத்தினால் போர்ஷன் முடியாதே என்ற கவலை. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம், மாணவர் ஈடுபட்ட வகுப்புகளில் சுமார் 22. நடத்தி முடித்த பக்கங்களின் எண்ணிக்கையை விட எனக்கு இதுதான் முக்கியம். படித்தே தெரிந்துகொள்ளக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே வாசித்து வரச் சொல்லுங்கள். இந்த வாரம் ஒரு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி வைத்துப் பாருங்கள், போதும்.