கேனான் 1500டி வைத்திருக்கிறேன். மிரர்லெஸ் பாடிக்கு மாறுவதா, நல்ல லென்ஸ் வாங்குவதா?

உங்கள் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கையில் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். எடுப்பது பெரும்பாலும் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகள். மண்டபத்தில் எடுத்த படங்களில் கைவிரல்கள் கலங்கியிருக்கின்றன, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கடையில் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்கு, மாறச் சொல்கிறார்கள். நானும் அரங்கேற்றங்களையும் சபா நிகழ்ச்சிகளையும் எடுத்து வருகிறவன். என் பதில்: லென்ஸ் வாங்குங்கள், பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் உங்கள் படங்களிலேயே இருக்கிறது. கலங்கிப்போன ஒரு படத்தைக் கேமராவில் திறந்து இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். அநேகமாக 55 மிமீ, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/100 விநாடி என்ற அளவில் ஏதாவது இருக்கும். எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கிறது என்று பொருள். 55-இல் அந்த லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. வெளிச்சம் போதாததால் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, உச்சத்துக்கு ஏற்றுகிறது. முகத்தில் புள்ளிகள் வருவது அதனால்தான். அப்படியும் ஷட்டரை வேகப்படுத்த முடியவில்லை. எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே மேடை, அதே விளக்கு, அதே 1500டி. ஐஎஸ்ஓவைப் பாதியாக்கி 3200-இல் வைத்துக்கொண்டு, ஷட்டரையும் 1/500 பக்கம் கொண்டுபோகலாம். குதித்து மெட்டு அடவில் கால் தரையை விட்டு எழும்பும் கணத்தை நிறுத்திப் பிடிக்க அந்த வேகம் வேண்டும். 1/100-இல் அது கிடைக்கவே கிடைக்காது. லென்ஸில் இருக்கும் ஐஎஸ் (படத்தை நிலைப்படுத்தும் வசதி) உங்கள் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து. ஆடுகிறவரின் அசைவை அது நிறுத்தாது.

இப்போது கடையில் சொன்ன வழியைப் பார்ப்போம். கேனானின் மிரர்லெஸ்ஸான ஆர்50 மாதிரி ஒரு கேமராவை லென்ஸோடு சேர்த்து கிட்டாக வாங்கினால் வழக்கமாக வருவது 18-45 லென்ஸ். அது 18-இல் எஃப் 4.5, 45-இல் எஃப் 6.3. அதாவது உங்களிடம் இப்போது இருப்பதைவிட இருட்டான லென்ஸ், எட்டும் தூரமும் குறைவு. புது சென்சாரும் நல்ல ஃபோகஸும் கொஞ்சம் ஈடுகட்டும், மறுக்கவில்லை. ஆனால் பல மடங்கு பணம் கொடுத்துவிட்டு அதே மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. தூரம் போதவில்லை என்று 55-250 வாங்கலாமா என்றும் தோன்றும். பகலில் அருமையான லென்ஸ்தான். மேடைக்கு ஆகாது, அதுவும் எஃப் 4 முதல் 5.6 வரைதான்.

எந்த லென்ஸ் என்பதை நீங்கள் உட்காரும் இடம் முடிவு செய்யும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், ஆடுகிறவரைத் தலை முதல் சலங்கை வரை அடக்க 50 மிமீ லென்ஸுக்கு சுமார் 16 அடி தூரம் வேண்டும். 85 மிமீக்கு 27, 28 அடி. முன்வரிசை கிடைக்கும் என்றால் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் போதும். நல்ல லென்ஸ்களில் இதைவிட மலிவாக வேறு பார்ப்பது கடினம். நாலைந்து வரிசை தள்ளி உட்காருவீர்கள் என்றால் 85 எஃப் 1.8. விலை கூடும், ஆனால் நாட்டியத்துக்கு எனக்கு மிகப் பிடித்த லென்ஸ் அதுதான். அபிநயம் மிகுந்த பதம் ஆடும்போது கண்ணும் புருவமும் பேசுவதை அது பிடிக்கிற அழகே தனி. சந்தேகம் இருந்தால் அடுத்த ஒத்திகையில் உங்கள் 18-55-ஐ 50-இல் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். பைசா செலவில்லை. இன்னொன்று, இந்த லென்ஸ்களை நாள் வாடகைக்கும் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

லென்ஸ் வந்தபின் இரண்டு விஷயம். 1500டியின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பது), நம்பகமானது. அதையே முகத்தில் வைத்து எடுங்கள். எஃப் 1.8-இல் முகம் தெளிவாக இருக்கும்போது நீட்டிய கை கொஞ்சம் மங்கலாம், லென்ஸைக் கொஞ்சம் மூடி எஃப் 2.2-இல் வைத்தால் பரவாயில்லாமல் இருக்கும். அப்புறம், மேடைப் பின்புறம் கறுப்புத் திரையாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளிறடித்துவிடும். மேனுவலில் வைத்து முகத்துக்கு அளந்துகொள்ளுங்கள். ஜதிக் கோவையை முடித்துவைக்கும் தீர்மானம் முடியும் இடத்தில் ஒரு கணம் உடல் அசையாமல் நிற்குமே, அங்கே 1/160 கூடப் போதும். ஜதி தெரிந்த அப்பாவுக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும். ஃபோகஸ் எவ்வளவு வேகமான கேமராவாலும் அதைச் சொல்ல முடியாது.

பாடியை மாற்றத்தான் வேண்டும் என்ற நிலைமையும் உண்டு. வேடந்தாங்கலில் பறக்கும் கூழைக்கடாவை எடுக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் ஃபோகஸ் பெரிய வித்தியாசம் தரும். 4கே வீடியோ வேண்டும் என்றாலும் அப்படித்தான், 1500டியில் அது கிடையாது. ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்கிறது என்பதும் நியாயமான காரணமே. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி மேடை விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாக விழ வாய்ப்பு உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள்.

நாளைக்கே மிரர்லெஸ் வாங்கினாலும் இந்த லென்ஸ் வீணாகாது. மேலே சொன்ன 50, 85 போன்ற கேனானின் இஎஃப் லென்ஸ்கள் ஓர் அடாப்டர் வழியாக ஆர் வரிசை கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிகான் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: டி3500, டி5600 போன்றவற்றில் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

85-ஐப் பழையதாக வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.