மண் தட ஸ்டாக் காருக்கு முன் ஸ்பிரிங் தேர்வு: கேள்வி பதில்

இங்குள்ள கேள்விகள் அமெரிக்காவின் சிறிய நீள்வட்ட மண் தடங்களில் ஓடும் ஸ்டாக் கார்களை, அதாவது சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களைப் பற்றியவை. அங்குப் பந்தயம் இடஞ்சுழியாக நடப்பதால் வளைவுகள் எல்லாமே இடப்பக்க வளைவுகள்.

கேள்வி: எங்கள் தடத்தில் வெற்றி பெறும் கார் ஒன்றில் வலது முன் ஸ்பிரிங் 900 பவுண்ட் என்கிறார்கள். 1980களின் செவர்லே மான்டே கார்லோ காரின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஓடும் என் காருக்கும் அதையே போடலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் போடாதீர்கள். 900 என்பது ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான எடை. சக்கரம் உணர்வது அதுவன்று. லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கையின்) உள்பக்க போல்ட்டின் மையத்திலிருந்து ஸ்பிரிங்கின் மையம் வரை உள்ள தூரத்தை, அதே போல்ட்டிலிருந்து பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) வரை உள்ள தூரத்தால் வகுத்து, வரும் விகிதத்தை அதனாலேயே ஒருமுறை பெருக்குங்கள். விகிதம் 0.5 என்றால் கிடைப்பது 0.25, அப்போது 900 பவுண்ட் ஸ்பிரிங் சக்கரத்தில் அங்குலத்திற்கு 225 பவுண்ட்தான் காட்டும். விகிதம் 0.6 ஆக உள்ள வேறொரு சேசிஸில் அதே ஸ்பிரிங் 324 பவுண்ட் காட்டும். ஆர்ம் நெம்புகோலாக இயங்கி விசையையும் நகரும் தூரத்தையும் சேர்த்தே மாற்றுவதால்தான் விகிதத்தை அதனாலேயே பெருக்குகிறோம். ஸ்பிரிங் சாய்ந்து நின்றால் இந்த மதிப்பு இன்னும் சற்றுக் குறையும்.

கேள்வி: வலது முன், இடது முன் இரண்டில் எது கடினமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கார் எந்த இடத்தில் தொல்லை தருகிறது என்பதைப் பொறுத்தது இது. வளைவில் நுழையும்போது பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழும்; இரு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்தாலும் கடினமான ஸ்பிரிங் உள்ள மூலைதான் அதிக எடையை வாங்கிக்கொள்ளும். வலது முன் கடினமானால் வலது முன், இடது பின் என்ற குறுக்கு இணையில் எடை கூடி, கார் நுழைவில் டைட்டாகும். அதாவது திருப்பினாலும் முன் சக்கரங்கள் வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியேறும்போது முன்பக்கம் எழுவதால் அதே கடின ஸ்பிரிங்தான் விரைவாக எடையை இழக்கும். அங்கே கார் லூஸாகிப் பின்பக்கம் வழுக்கும். இடது முன் கடினமானால் இவை தலைகீழாகும்: நுழைவில் லூஸ், வெளியேற்றத்தில் டைட். ஆகவே எந்த ஸ்பிரிங் என்று கேட்பதற்கு முன், வளைவின் எந்தப் பகுதியில் கார் சொன்னபடி கேட்கவில்லை என்பதை ஓட்டுநரிடம் நிதானமாகக் கேட்டு எழுதி வையுங்கள். வேறெந்தக் குறிப்பையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: ஈரத் தடத்திற்கும் உலர்ந்த தடத்திற்கும் தனித்தனி ஸ்பிரிங் வேண்டுமா?

பதில்: ஈரப் பசையுள்ள மண்ணில் பிடிப்பு அதிகம், காரின் உடல் அதிகமாகச் சாய்ந்து வலது முன் ஆழமாக அமுங்குவதால் அங்கே கடினம் கைகொடுக்கும். உலர்ந்து வழவழப்பான தடத்தில் விசை குறைவு என்பதால் மென்மையான ஸ்பிரிங்தான் எடையை நிதானமாக நகர்த்தும். ஆனால் ஸ்டாக் வகை (தொழிற்சாலை அமைப்பிலேயே உள்ள) முன்பக்கத்தில் ஸ்பிரிங் மாற்றுவது பந்தயங்களுக்கு இடையே அவசரமாகச் செய்யும் வேலையன்று. மாலையில் நீர் தெளித்த தடம் முதன்மைப் பந்தயத்திற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். அந்தப் பந்தயத்திற்கே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து, தொடக்கச் சுற்றுகளை டயர் காற்றழுத்தத்தால் சமாளியுங்கள்.

கேள்வி: 800 பவுண்டை எடுத்துவிட்டு, அதே உயரமுள்ள 1000 பவுண்டைப் போட்டதும் காரின் அந்த மூலை உயர்ந்துவிட்டதே?

பதில்: உயரத்தான் செய்யும். சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை 600 பவுண்ட், விகிதம் 0.5 என்று கொள்வோம். பழைய ஸ்பிரிங் சக்கரத்தில் 200 பவுண்ட் என்பதால் 3 அங்குலம் இறங்கியிருந்தது. புதியது 250 என்பதால் 2.4 அங்குலமே இறங்கும். இந்த 0.6 அங்குலத்தைச் சரிசெய்யாமல் ஓட்டினால் நீங்கள் சோதிப்பது ஸ்பிரிங்கை அன்று, மாறிப்போன உயரத்தையும் குறுக்கு இணையின் எடையையும்தான். விதிப்புத்தகம் அனுமதித்தால் ஜாக் போல்ட்டால் (ஸ்பிரிங்கின் இருக்கையை ஏற்றி இறக்கும் திருகால்), இல்லையெனில் அனுமதிக்கப்பட்ட வேறு வழியில் உயரத்தை மீட்டு, நான்கு சக்கரங்களையும் தராசில் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: சுருளை வெட்டி உயரத்தைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம், ஆனால் கடினமும் கூடும். இயங்கும் சுருள் 8 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் 8-ஐ 7-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 14 சதவீதம் கூடும். வெட்டிய பின் ஸ்பிரிங் டெஸ்டரில் வைத்து அங்குலம் அங்குலமாக அமுக்கி, அடுத்தடுத்த எடைகளின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா?

பதில்: உயரம் குறையும். கம்பியின் தடிமன் அரிக்கப்படாதவரை கடினம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

கேள்வி: ஸ்பிரிங் முழுவதுமாக அமுங்கிச் சுருளோடு சுருள் ஒட்டுகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: ஷாக்கின் (அதிர்வு தாங்கியின்) தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, ஷாக்கின் உடலோடு ஒட்டும்படி கீழே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அது நின்ற இடம் ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். அதே அளவுக்கு ஆர்மை உயர்த்தி, சுருள்களுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அந்தக் கணத்தில் உங்களுக்கு ஸ்பிரிங்கே இல்லை. கார் திடீரென்று வெளியே தள்ளுவதற்கு அது போதும்.

கேள்வி: முன் ஸ்பிரிங்கைத் தனியாகக் கழற்றலாமா?

பதில்: துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் தொடாதீர்கள். சேசிஸைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கை வைத்து, ஸ்பிரிங்கையும் ஆர்மையும் சேர்த்துச் சங்கிலியால் கட்டிய பிறகே பால் ஜாயின்டைப் பிரியுங்கள். ஜாக்கை மெல்ல இறக்குங்கள், ஸ்பிரிங்குக்கு எதிரே நிற்காதீர்கள். திரும்பப் பொருத்தும்போது ஆர்மின் குழியில் உள்ள இரண்டு வடிகால் துளைகளைக் கவனியுங்கள்: ஸ்பிரிங்கின் நுனி ஒன்றை முழுவதுமாகவோ ஓரளவோ மூடியிருக்க வேண்டும், மற்றது ஓரளவாவது திறந்திருக்க வேண்டும்.